கணக்கில் வருவதும் கேட்கப்படுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றைப் படித்து வருகிறேன். ரோமானியர் காலம் முதல் இன்றுவரை மாறியது கருவி மட்டும்தான் என்று தோன்றுகிறது. பிறப்பு, முகவரி, வரி எல்லாம் அரசுப் பதிவேடுகளில் இருக்கும்போது வீடு வீடாகச் சென்று கேட்பது வீண்செலவு இல்லையா? அந்தத் தகவல் தவறான கைகளுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

கருவிகளின் கதையை நீங்களே படித்துவிடுவீர்கள். 1880ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆனதும், அதனால் 1890இல் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டை இயந்திரம் வந்ததும் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. செலவைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ‘மாறியது கருவி மட்டும்தான்’ என்ற வரியைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை; நானும் சில காலமாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரோம் தன் குடிமக்களையும் அவர்களின் சொத்தையும் எண்ணியது. வரிக்கும் படைக்கும் அது போதுமானதாக இருந்தது. 1790இல் நடந்த அமெரிக்காவின் முதல் கணக்கெடுப்புத் தாளில் ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பெயர்தான், அதுவும் குடும்பத் தலைவருடையது. மனைவியும் மக்களும் அடிமைகளும் அவருக்குப் பக்கத்துக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850இல் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. அதே ஆண்டில் அடிமைகளுக்குத் தனித் தாள் வைத்தார்கள். அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே ஒரு பெண்ணின் வயது இருக்கும், நிறம் இருக்கும், அவளைப் பெற்றவள் அழைத்த பெயர் மட்டும் இருக்காது. அடிமை முறை ஒழிந்த பின்பு, 1870இல்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு கணக்கில் வந்தார்கள். இன்று தம் முன்னோரைத் தேடிப் போகும் கறுப்பின மக்கள் பலர் அந்த ஆண்டுக்கு முன்னால் தடம் கிடைக்காமல் நின்றுவிடுகிறார்கள். அதை ‘1870இன் சுவர்’ என்றே சொல்கிறார்கள். பேனா மாறவில்லை, தாளும் மாறவில்லை. இதைக் கருவியின் கதை என்று எப்படி எழுதினீர்கள்?

பெயர் வந்த பிறகும் பதில் சொல்லும் உரிமை உடனே வந்துவிடவில்லை. ஒருவரின் இனம் எது என்பதைக் கணக்கெடுக்க வந்தவர் பார்த்தே எழுதிக்கொண்டு போன காலம் நெடுங்காலம். 1960இல்தான் அங்கே பெரும்பாலோர் அதைத் தாமே குறிக்கத் தொடங்கினார்கள்.

இப்போது உங்கள் யோசனைக்கு வருகிறேன். டென்மார்க் 1981இலேயே யாரிடமும் கேட்காமல், முழுக்கப் பதிவேடுகளைக் கொண்டே கணக்கெடுத்து முடித்தது. பதிவேட்டில் இருப்பவர்களைப் பொறுத்தவரை அது துல்லியமானதுதான். ஆனால் ஏதோ ஓர் அலுவலகத்தின் படியை ஏற்கெனவே ஏறியவரைத்தான் பதிவேட்டுக்குத் தெரியும். நிலையான முகவரி இல்லாதவரையும், ஆவணமின்றி வேலை செய்பவரையும் தேடிப் போவதைத்தான் நீங்கள் வீண் என்கிறீர்கள். இவ்வளவு படிக்கிற நீங்கள் அந்தச் சொல்லை எழுதுமுன் அவர்களை ஒரு கணம் நினைத்திருக்க வேண்டாமா?

உங்கள் பயம் நியாயமானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். 1943இல் ஆம்ஸ்டர்டாமில் நாஜி எதிர்ப்பாளர்கள் தீவைக்கப் போனது நகரின் மக்கள் பதிவேட்டு அலுவலகத்துக்கு. யூதர்களைத் தேடிப் பிடிக்க ஆக்கிரமிப்பாளருக்கு உதவியது அந்தப் பதிவேடு. 1983இல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் கணக்கெடுப்பை நிறுத்தியபோதும், கணக்கெடுப்பே கூடாது என்று சொல்லவில்லை. மக்கள் தரும் பதில்களைக் கொண்டு குடியிருப்போர் பதிவேட்டைத் திருத்திக்கொள்ள இடம் தந்த பிரிவு செல்லாது என்றது. சட்டத்தை மாற்றி எழுதிய பிறகு, 1987இல் அங்கே மீண்டும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள்.

அன்புடன்.