சும்மாவா இருந்தாங்க?

கேள்வி: நடன இயக்குநர் சந்திரலேகா 1972க்கு அப்புறம் 12 வருஷம் சும்மா இருந்துட்டாங்க. அந்த கேப் விழாம இருந்தா இன்னும் எங்கயோ போயிருப்பாங்கல்ல சார்?
- வாசகர், கரூர்

பதில்: அந்த 'சும்மா'வை முதல்ல கீழ வைங்க தம்பி. இந்த வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளா கோவம். விடியறதுக்குள்ள எழுந்து வாசல் தெளிச்சு, மாவாட்டி, மூணு பேருக்கு டப்பா கட்டி அனுப்புற பொம்பளைய 'வீட்ல சும்மாதான் இருக்கா'ன்னு சொல்ற ஊரு இது. டான்ஸ்லயும் அதே கணக்குதான், குதிச்சா ஆட்டம், நின்னா சும்மா. குதிகாலை ஒட்டி வெச்சு, முட்டியை ரெண்டு பக்கமும் விரிச்சு, அரைமண்டில உக்காந்து குக்கர் மூணு விசில் அடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்து பாருங்க. முதல் விசிலுக்கே தொடை நடுங்கும், ரெண்டாவதுக்கு முதுகு வளைஞ்சிடும்.

1952ல சந்திரலேகா பரதநாட்டிய மேடையேறின புதுசு. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையோட சிஷ்யை. ராயலசீமா வறட்சி நிதிக்காக ஒரு நிகழ்ச்சி, குரு பாடுறார், இவங்க யமுனைல தோழிகள் தண்ணியை வாரி இறைச்சு விளையாடுறதை அபிநயம் பிடிக்கிறாங்க, திடீர்னு பேப்பர்ல பாத்த வெடிச்ச நிலமும் தண்ணிக்கு வரிசைல நிக்கிற ஜனமும் கண்ணு முன்னாடி வர, அப்படியே உறைஞ்சு போயிட்டாங்களாம். அந்தக் கை, இல்லாத தண்ணியை அள்ளின கை. அந்த உறுத்தல் அவங்களை விடவே இல்ல.

நீங்க சொல்ற 'கேப்'ல போஸ்டர் போட்டாங்க, எழுதினாங்க, பெண்கள் இயக்கத்துல வேலை செஞ்சாங்க, 1982ல தேசத்துரோக வழக்கு வரைக்கும் போய் அப்புறம் அது வாபஸ் ஆச்சு. சும்மா இருக்கிறவங்க மேல அந்த கேஸ் எல்லாம் யார் போடுவா? அதெல்லாம் பட்டு வந்ததாலதான் 1985ல அவங்க மேடையேத்தின 'அங்கிகா' நாட்டியம் அப்படி இருந்துச்சு. நகை இல்ல, சாமி கதை இல்ல, பரதத்தோட களரியும் யோகாவும். 1989ல பாஸ்கராச்சாரியாரோட கணக்கு நூலை எடுத்து 'லீலாவதி' பண்ணாங்க, எழுபது தாண்டி 2001ல 'சரீரா'. விடாம கச்சேரி ஆடிட்டே இருந்திருந்தா இதுல ஒண்ணு கூட வந்திருக்காதுங்கிறது என் கட்சி.

உண்மையான கேப் எங்க இருக்குன்னு நான் சொல்றேன், இந்தப் பக்கத்துல பல தடவை எழுதியாச்சு, இன்னும் எழுதுவேன். போன டிசம்பர்ல ஒரு சபாவுல நாட்டியக் கச்சேரி, ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல நாப்பது நிமிஷம் பொன்னாடை போர்த்துறாங்க. ஆடி வேர்த்து சூடான உடம்பு ஏசில சில்லிட்டுப் போக, அந்தப் பொண்ணு சைடு திரைக்குப் பின்னாடி கெண்டைக்காலைத் தேய்ச்சுக்கிட்டே நின்னா. மைக்ல ஒருத்தர் 'கலைஞர் சற்றே ஓய்வெடுக்கும் வேளையில்'னு பேசிட்டு இருந்தார். அவரைப் போய்க் கேளுங்க தம்பி, ஏன் சும்மா இருக்க மாட்டேங்கிறார்னு.