பெண்மையை மறைக்காமல் ஒரு பெண் தொழிலில் ஜெயிக்க முடியுமா?

முடியும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் நான் ஓர் ஆணைப் போல நடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருப்பூரில் 2012இல் ஆறு ஓவர்லாக், நான்கு பிளாட்லாக் தையல் இயந்திரங்களோடு ஒரு சிறிய யூனிட் தொடங்கினேன். ஏற்றுமதி நிறுவனங்கள் தரும் பனியன் துணியை வெட்டித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். "பூவும் வளையலுமாகப் போய் நின்றால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கொலுசைக் கழற்றினேன், மல்லிகையை விட்டேன், சாம்பலும் கருநீலமுமாகவே உடுத்தினேன், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தக் கற்றுக்கொண்டேன். என்னைச் சிறு வயதிலிருந்து அறிந்த கட்டிங் மாஸ்டர் ஒருநாள், "ஏனுங்க அம்மணி, நீங்க போடற சத்தத்துல பாதி மெஷின் சத்தத்துலயே போயிருதுங்க" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கத்தியதால் நிலுவைப் பணமும் வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் மூன்று மாத பில்லை இழுத்தடித்தபோது அவருடைய அலுவலகத்தில் நின்று உரக்கப் பேசிவிட்டு வந்தேன். அடுத்த ஆர்டர் கை நழுவியதுதான் மிச்சம். சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்து, சரக்கோடு அனுப்பும் ஒவ்வொரு டெலிவரி சலானிலும் தேதியோடு கையொப்பம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் பணம் ஒழுங்காக வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களிலும், இருந்தால் 45 நாட்களுக்கு மிகாமலும் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தக் கெடு தாண்டிய பாக்கியை, வாங்குபவர் கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை தன் செலவுக் கணக்கில் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வாங்குபவரின் கணக்காளரே மார்ச் மாதத்தில் அழைத்து, "உங்க பாக்கி எவ்வளவுங்க மேடம்?" என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல அடித்தொண்டை தேவைப்படுவதில்லை.

என் வேடம் கலைந்தது தற்செயலாகத்தான். 2016இல் ஒரு முகூர்த்த நாளன்று, உறவுக்காரத் திருமணத்திலிருந்து பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நேராக யூனிட்டுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. குழந்தைகள் உடை ஆர்டர் ஒன்றின் இறுதிச் சோதனைக்கு பையரின் க்யூசி, அதாவது வாங்கும் நிறுவனத்தின் தரப் பரிசோதகர், முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை என் தோளில் நின்றது. ஏதோ ஏளனம் வரப்போகிறது என்று நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், ஊக்கு." உடைந்த ஊசியின் துண்டுகளைக்கூடத் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைக்கும் தொழில் இது, குழந்தையின் உடையில் உலோகம் சிக்கிவிடக் கூடாது என்பதால் தைக்கும் கூடத்தில் ஊக்குக்கு இடமில்லை. தோளில் இரண்டு, இடுப்பில் மூன்று, கொசுவத்தில் இரண்டு என ஏழு ஊக்குகளையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்துக் காட்டினேன். லாட் பாஸானது. புடவையைப் பற்றியோ பூவைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அத்தனை காலம் பயந்த பார்வையில் பெரும்பகுதி என் தலைக்குள்தான் இருந்திருக்கிறது.

பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன், முழுவதும் என்று சொல்லவில்லை. சென்னையில் பிறந்து 2006இல் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியான இந்திரா நூயி, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அளவுக்குப் பொருந்தாத சூட் அணிந்து ஒரு நேர்காணலுக்குப் போய்க் கூனிக்குறுகியதும், அடுத்த நேர்காணலுக்குப் புடவையிலேயே போய் பூஸ் ஆலன் என்ற ஆலோசனை நிறுவனத்தில் கோடைக்கால வேலை பெற்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை. அந்தக் கோடையில் புடவையோடு அவரை வாடிக்கையாளரிடம் அழைத்துச் செல்லவில்லை என்று அவரே பின்னர் எழுதியிருப்பதைச் சொல்பவர்கள் குறைவு.

பெண் முதலாளி என்றால் தாய்மையோடு நடத்துவாள் என்ற பாராட்டையும் நான் ஏற்பதில்லை; ரேட்டைக் குறைத்துக் கேட்க வருபவர்தாம் பெரும்பாலும் அதைச் சொல்லித் தொடங்குகிறார். பள்ளி திறக்கும் ஜூனில் நான் முன்பணம் தருவதில், கப்பல் தேதி நெருங்கும்போது டெய்லர் யாரும் நின்றுவிடக் கூடாது என்ற கணக்கு உண்டு. ஆனால் தொட்டில் வேறு விஷயம். அப்போதைய தொழிற்சாலைச் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால்தான் குழந்தைகள் காப்பறை கட்டாயமாக இருந்தது; என்னிடம் இருந்தவர்கள் 22 பேர். இருந்தும் பஞ்சுத் தூசி எட்டாத பின்னறையில் ஒரு தொட்டிலும், கழிப்பறையில் நாப்கின் போட மூடியுள்ள கூடையும் வைத்ததற்குக் காரணம், மகனை மடியில் கிடத்திக்கொண்டு நான் சலான் எழுதிய நாட்களும், அதற்கு முன் இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபோது பட்ட அவதியும்தான்.

இப்போது புடவைதான் உடுத்துகிறேன், பூவும் உண்டு. துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும், கூந்தலைக் கொண்டை போட வேண்டும் என்ற விதி மோட்டார் பெல்ட்டுக்காக வைத்தது. மாஸ்டரின் தோள் துண்டுக்கும் அதே விதிதான். வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. காலையில் எல்லோரும் ஊக்குகளை அதில் போட்டுவிட்டு உள்ளே போகிறோம். மாலையில் அவரவருடையதைத் துழாவி எடுக்கும்போது என் ஏழில் ஒன்று எப்போதும் குறைகிறது.