சைலன்சர் லீக்: பழைய கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அம்பாசடர் 1500 பெட்ரோல் வைத்திருக்கிறேன். எஞ்சின் புகையைச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் பழைய வார்ப்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும், எம்.ஜி. காருக்கான குழாய் ஹெடரை வரவழைத்துப் போட்டேன். அன்றிலிருந்து தொல்லைதான். மூட்டில் புது பேக்கிங் போட்டால் கொஞ்ச நாள் சும்மா இருக்கிறது, அப்புறம் மறுபடி 'டப் டப்'. காலையில் சத்தம் அதிகம், சூடானதும் குறைகிறது. சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) வளைந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். ஹெட்டை இறக்கலாமா? (ஈரோடு வாசகர்)

ஹெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். சூடானதும் சத்தம் குறைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இரும்பு சூட்டில் விரிந்து சின்ன இடைவெளியைத் தானே மூடிக்கொள்கிறது. அதாவது, ஹெடரின் ஃபிளாஞ்ச் (ஹெட்டோடு ஒட்டி உட்காரும் தட்டை விளிம்பு) எங்கோ ஓரிடத்தில் சரியாக அமரவில்லை.

உங்கள் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். எம்.ஜி.ஏ. காரின் முதல் 1489 சி.சி. எஞ்சினும் இதே வம்சம்தான், அதனால் ஹெடரின் துளைகள் பொருந்திவிடும். சிக்கல் வேறு இடத்தில். இந்த ஹெட்டில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் இரண்டு போர்ட் (வாய்), புகை வெளியேறும் எக்சாஸ்ட் மூன்று போர்ட், ஐந்தும் ஒரே பக்கம். இரண்டு மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் ஸ்டட்களை, அதாவது ஹெட்டில் பதித்த மரையாணிகளை, பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த ஸ்டட்களில் உள்ள தடித்த பெரிய வாஷரின் ஒரு ஓரம் இன்டேக்கையும் மறு ஓரம் எக்சாஸ்டையும் அழுத்துகிறது. இரண்டின் கனமும் ஒன்றாக இருந்த வரை பிரச்சினை இல்லை. இப்போது ஒரு பக்கம் பழைய இன்டேக் வார்ப்பு, மறுபக்கம் ஹெடரின் இரும்புத் தகடு. கனம் மாறினால் வாஷர் சாய்கிறது, கனமான பக்கத்தை மட்டும் நெரிக்கிறது, மெலிந்த பக்கம் வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது மாறாது, ஸ்டட் வளைவதுதான் மிச்சம்.

ஆகவே வெர்னியர் காலிப்பரை எடுத்து, வாஷர் உட்காரும் இடங்களில் இரண்டு ஃபிளாஞ்சின் கனத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு வழி. கனமான பக்கத்தை லேத் பட்டறையில் கொடுத்து மற்றதன் அளவுக்கு இறக்கலாம். அல்லது வாஷரில், கனமான ஃபிளாஞ்சின் மேல் உட்காரும் பாதியில் அந்த வித்தியாச அளவுக்குப் படி வெட்டிவிடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. செலவு குறைவு, நாளைக்கே பழைய மேனிஃபோல்டுக்குத் திரும்ப நினைத்தாலும் எதுவும் கெட்டிருக்காது.

ஹெடர் கழன்றிருக்கும்போதே அதன் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.2 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் முகத்தைச் சமன்படுத்தியே ஆகவேண்டும். குழாய் வைத்துப் பற்றவைத்த சூட்டில் தகடு வளைந்தே வருவது சாதாரணம், புதிய பொருள் என்று நம்பிவிட வேண்டாம். ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, கடைசியில் சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும். வண்டி நன்றாக ஓடி முழுக்க ஆறிய பிறகு இன்னொரு முறை ஸ்பேனர் வையுங்கள்.

இவ்வளவும் செய்து திரும்ப வந்தால், எஞ்சின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள். பிய்ந்த ரப்பரில் எஞ்சின் ஆடும், பாடியோடு விறைப்பாகக் கட்டிய குழாய் ஆடாது. நடுவில் மாட்டிக்கொண்டு அடிவாங்குவது பேக்கிங்தான்.

டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தமா, எக்சாஸ்ட் லீக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கிறது. (திண்டுக்கல் வாசகர்)

ஒரே மாதிரிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஒரு சிலிண்டரின் வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தட்டும், அதன் புகையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெளியேறும். தாளத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

பிளக் பொறிக்கு பாயிண்ட் செட் (பழைய தொடுமுனை ஸ்விட்ச்) உள்ள பழைய வண்டி என்றால் ஐட்லிங்கில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி, ஒயர் முனையை எஞ்சின் உடம்பில் தொட வைத்துக் கேளுங்கள் (கையில் இன்சுலேஷன் உள்ள பிளையர் இருக்கட்டும்). லீக் உள்ள சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் சத்தம் அமுங்கும். டேப்பெட்டுக்கு அது பற்றிக் கவலையே இல்லை, தட்டிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

இடத்தைப் பிடிக்க, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாகக் கொண்டுபோனால் போதும். ஃபேன், பெல்ட் பக்கம் கவனம். இன்னும் துல்லியம் வேண்டுமா? எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்றை ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகி, ஊத விடுங்கள். எல்லா மூட்டிலும் சோப்பு நீர் தெளித்தால் லீக் உள்ள இடம் நுரை கக்கும். கார்ப்பரேட்டர் பக்கம் லேசாகக் காற்று வந்தால் பயப்படாதீர்கள், எங்காவது ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்தபடி நின்றிருக்கும்.

பத்மினியில் புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் போட்டதிலிருந்து, ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது. நண்பர்கள் ரேஸ் கார் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். (கோவை வாசகர்)

நண்பர்கள் சொல்வார்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் குழாய்க்குள் போகிறது. லீக் இருந்தால், ஒரு புகைத் துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே குழாயில் அழுத்தம் குறையும் நொடியில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பெட்ரோலும் காற்றும் சூடும் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? முதலில் முன்பக்க மூட்டுகளில் கரிக்கோடு தெரிகிறதா பாருங்கள். லீக் இல்லை என்று உறுதியான பிறகே கார்ப்பரேட்டரில் கைவையுங்கள். பலரும் தலைகீழாகச் செய்து, பெட்ரோலை அளந்து விடும், நன்றாக இருந்த ஜெட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கான்டெஸாவில் குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே வெட்டிப் பக்கவாட்டில் விட்டிருக்கிறேன். நீண்ட பயணத்தில் பின்சீட்டில் பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல். கண்ணாடியை இறக்கினால் வாடை இன்னும் அதிகமாகிறது. (மதுரை வாசகர்)

இதைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதுவரை வந்த கேள்விகளெல்லாம் சத்தம் பற்றியவை, இது உயிர் பற்றியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நீங்கள் முகர்வது அதோடு சேர்ந்து வரும் மற்ற புகையை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் அதன் முதல் அடையாளங்கள்.

ஓடும் காரில் கண்ணாடியை இறக்கினால் உள்ளே அழுத்தம் குறைகிறது, அடியில் தேங்கிய புகையைத் தரை ஓட்டைகளும் டிக்கி ரப்பரும் உள்ளே இழுக்கின்றன. உங்கள் குழாயில் ஒரு லீக்கும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். குழாய் பின் பம்பரைத் தாண்டி வெளியே வரவேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கித் தரையில் துரு ஓட்டை, கழன்ற ரப்பர் குரோமெட், கிழிந்த கியர் லீவர் பூட் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். இரவில் டிக்கிக்குள் ஒருவரை டார்ச்சோடு வைத்து மூடி, வெளியே ஒளி எங்கே கசிகிறது என்று பாருங்கள். எஞ்சின் அணைத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊர்ப் பட்டறையில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தண்ணீர் பைப்பை வளைத்தே சைலன்சர் குழாய் செய்கிறார்கள். துருப்பிடிக்காது என்கிறார்கள். செய்யலாமா? (தேனி வாசகர்)

வேண்டாம். பற்றவைக்கும்போது துத்தநாகப் பூச்சு ஆவியாகிப் புகைகிறது, அதைச் சுவாசித்த வெல்டருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். பூச்சு எரிந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். பைப்பின் எடை வேறு மேனிஃபோல்டு மூட்டைக் கீழே இழுக்கும். ஸ்டெயின்லெஸ் குழாய் கட்டாதென்றால் அலுமினியம் பூசிய எக்சாஸ்ட் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபியட்டில், கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் மாற்றியிருக்கிறோம். மைலேஜ் விழுந்துவிட்டது, பிளக் கரியாகிறது. சென்சார் 'லீன்' (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்று காட்டுகிறது. எப்படி இரண்டும் சேர்ந்து நடக்கும்? (சேலம் வாசகர்)

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கோ லீக். உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்றைச் சென்சார் மீதமான ஆக்சிஜன் என்று படிக்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சாரை மாற்றிப் பணத்தைத் தொலைக்காதீர்கள், மேனிஃபோல்டு மூட்டையும் அதிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப்பின் ஃபிளாஞ்சையும் பாருங்கள். அடைக்கச் சாதாரண சிலிக்கான் சீலன்ட் பூசவும் வேண்டாம். மேனிஃபோல்டு சூட்டை அது தாங்காது, அதிலிருந்து வரும் ஆவி சென்சாரையும் கெடுக்கும். எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் ஏற்றிவிட்டீர்கள்தானே?

மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று ஹெட்டோடு உடைந்துவிட்டது. (நாகர்கோவில் வாசகர்)

துளை போடுவதைக் கடைசிக்கு வையுங்கள். மிச்சத்தின் தலையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளாகவே பற்றவையுங்கள். அந்தச் சூட்டிலேயே பாதிப் பிடி விட்டுவிடும். செந்நிறம் போனதும் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். புது ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போடுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார்.

சைலன்சர் டப்பாவின் அடியில் சின்னத் துளை. காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா? (காரைக்குடி வாசகர்)

டப்பாவின் தாழ்ந்த இடத்தில், ஓரம் பிசிறில்லாத வட்டத் துளையாக இருந்தால் அது தண்ணீர் வடிய வேண்டுமென்றே விட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. குளிர்ந்த குழாயில் அது படிந்து நிற்கும், வெளியேற வழியில்லாவிட்டால் டப்பாவை உள்ளிருந்தே தின்றுவிடும். ஓரம் செதில் செதிலாக இருந்தால் அது துரு ஓட்டை. அதன்மேல் வெல்டிங் பிடிக்காது, டப்பாவை மாற்றுங்கள்.