கைக்காகக் காத்திருக்கும் கணினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸின் ‘ரெப்போன்’ கேட்டேன். இசைநடத்துநர் காலப்பிரமாணத்தை இழுக்கிறார், தளர்த்துகிறார். மின்னணு ஒலியோ பிசகவே இல்லை. வாத்தியக்காரர்கள் காதில் கிளிக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) கேட்டபடி வாசிக்கிறார்களா?
ம.

அன்புள்ள ம.,

கிளிக் கிடையாது. பூலேஸ் 1958இல் இசைக்குழுவுடன் ஒலிநாடாவைச் சேர்த்து ஒரு படைப்பு எழுதி, பிறகு அதை விலக்கிக்கொண்டார். நாடா யாருக்காகவும் நிற்காது. நடத்துநர் ஒரு ஸ்வரத்தைச் சற்று நீட்டினாலே அது முந்திக்கொண்டு போய்விடும்.

1981இல் ஜெர்மனியின் டோனாவெஷிங்கன் நகரில் அரங்கேறிய ரெப்போனில் மின்னணு ஒலிக்குப் பெரும்பாலும் அந்த நொடி எழும் ஒலிதான் மூலப்பொருள். 24 பேர் குழு நடுவில், மைக் இல்லாமல். சுற்றிலும் ரசிகர்கள். அவர்களுக்கும் வெளியே ஆறு தனிக்கலைஞர்கள்: இரண்டு பியானோ, ஹார்ப், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன், மரப்பட்டை சைலஃபோனும் சிறு உலோகப்பட்டை குளொக்கன்ஷ்பீலும் சேர்ந்த ஓர் இடம், சந்தூருக்கு உறவான சிம்பலோம். இந்த ஆறு பேரின் ஒலியை மட்டும் பாரிஸின் இர்காம் இசை ஆய்வகத்தின் ஃபோர்-எக்ஸ் கணினி வாங்கி, மாற்றி, ஒலிபெருக்கிகளில் சுழற்றியது. நடத்துநர் கை காட்டிக் கலைஞர் வாசித்த பிறகே அதற்கு வேலை.

வாத்தியத் தேர்வைக் கவனியுங்கள். எல்லாமே தட்டியோ மீட்டியோ வாசிப்பவை. ஒலி சுளீரென்று எழுந்து தேய்கிறது. தேயும் இடைவெளியில்தான் கணினி தாமதித்துத் தரும் நகல்கள் தெளிவாகக் கேட்கும். வயலினின் நீண்ட வில்லோட்டமாக இருந்தால் மூலமும் நகலும் குழம்பிவிடும். சுழற்சியின் வேகத்தையும் ஒலியின் வலிமையே தீர்மானிக்கிறது: பலமாக இருக்கும்போது வேகமாகச் சுற்றும், தேயத்தேய மெதுவாகும். ஒரு நாதம் அரங்கைச் சுற்றிச் சுற்றி ஓய்வதை நேரில் கேட்பது பேரனுபவம். இரண்டு ஸ்பீக்கர் பதிவில் அதில் பாதிகூட வராது.

பிசகு வேறிடத்தில் வரும். ஒலி 20 மீட்டர் கடக்கச் சுமார் 58 மில்லிநொடி ஆகும். தனிக்கலைஞர் குழுவைக் காதால் கேட்டு வாசித்தால் அவ்வளவு பிந்துவார். அவர் ஒலி நடுவுக்குத் திரும்பும்போது பிந்தல் இரட்டிப்பாகும். ஆகவே கண் நடத்துநரின் கையிலேயே இருக்க வேண்டும். மைக்கையும் வாத்தியத்துக்கு நெருக்கமாக வையுங்கள். தள்ளி வைத்தால் குழுவின் ஒலியும் உள்ளே புகும், கணினி அதையும் உருமாற்றும். மைக்கின் ஒலியளவைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குத் திரும்பி ஊளையிடும்.

நாடாவோடுதான் வாசித்தாக வேண்டுமென்றால், கிளிக்கை நடத்துநரின் ஒரு காதுக்கு மட்டும் கொடுங்கள். குழு அவர் கையைப் பார்த்து வாசிக்கட்டும்.