கம்பு மாவு வாரத்துல கசக்குதா?

பெருந்துறைப் பக்கம் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கொடுத்த கம்பு மாவு ஏழாம் நாளே கசக்குதுன்னு கேட்டிருந்தீங்க. மூட்டை மேல சந்தேகம் வேண்டாங்க. அரைச்சதும் கம்பின் லிப்பேஸ் நொதி அதன் கொழுப்பை உடைக்குது, அதான் கசப்பு.

அந்த நொதியை முடக்க, அரைக்கும் முன்னாடி 1 கிலோ கம்பை 5 லிட்டர் கொதிநீர்ல (98 டிகிரி) 10 முதல் 30 விநாடி மட்டும் முக்கி, உடனே வடிகட்டுங்க. கூடுதலா விட்டா தானியம் வெந்து, மாவு பிசுபிசுக்கும். வடிச்சதை மெல்லிசா பரப்பி நல்லாக் காயவைங்க. கடிச்சா டக்குனு உடையணும். ஈரம் மிஞ்சினா பூஞ்சை வரும், அது கசப்பைவிட மோசம்.

ஆய்வகத்துல பெராக்சைடு அளவை (கொழுப்பு காத்துபட்டுக் கெடுறதைக் காட்டுறது) மட்டும் நம்பாதீங்க. அது குறைவா இருந்தும் மாவு கசக்கலாம். கட்டற்ற கொழுப்பமிலத்தை, அதாவது லிப்பேஸ் கொழுப்பை உடைக்கும்போது பிரிஞ்சு வர்ற அமிலத்தை அளந்து, அதே மூட்டையின் முக்காத கம்பு மாவோட ஒப்பிடுங்க.