கேம்பர் வேனுக்கு எந்த டிவி ஆண்டெனா வாங்கலாம்? "45 டெசிபல்" என்று போட்ட தட்டு ஆண்டெனா (கூரையில் படுத்திருக்கும் வட்ட ஆண்டெனா, செயற்கைக்கோள் டிஷ் அல்ல) போதுமா?

போதாது. டெசிபல் என்பது சிக்னல் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகு. அந்த 45 டெசிபலை முதலில் மறந்துவிடுங்கள். அது ஆண்டெனா பிடிக்கும் அளவே இல்லை, உள்ளே இருக்கும் பூஸ்டர் பெருக்கும் அளவு. தட்டு ஆண்டெனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பதால் அதன் சொந்தத் திறன் ஏறக்குறைய 0 முதல் 3 டெசிபல்தான். அரை மீட்டர் நீள லாக் பீரியாடிக் அல்லது யாகியை (கம்பிகள் வரிசையாக நிற்கும், ஒரே பக்கம் பார்த்துப் பிடிக்கும் ஆண்டெனாக்கள்) ஒளிபரப்புக் கோபுரம் பார்த்துத் திருப்பினால் 6 முதல் 9 வரை கிடைக்கும். பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சல் போடும். ஆண்டெனாவுக்கு வந்தே சேராத சிக்னலை அதனால் உண்டாக்க முடியாது.

அப்படியானால் பூஸ்டர் எதற்கு? கேபிளிலும், சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் போகும் இழப்பை ஈடுகட்ட. டிவிக்கு வழக்கமாகப் போடும் ஆர்.ஜி.6 கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் அளவில் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் போகும். வேனுக்குள் ஓடுவது 5, 6 மீட்டர்தான். இரண்டு டிவிக்குப் பிரித்தால் இன்னொரு 4. ஆக 15 டெசிபல் பூஸ்டரே தாராளம். பெருக்க எண்ணைப் பார்ப்பதைவிட, பூஸ்டர் தானே போடும் இரைச்சலின் அளவு 2 டெசிபலுக்குள் இருக்கிறதா, பெருக்கத்தைக் குறைக்கத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் பெரிய பூஸ்டர் திணறிப்போய், இருக்கிற சேனலும் கட்டம் கட்டமாக உடையும். பெருக்கத்தைக் குறைத்ததும் படம் வந்தால் காரணம் அதுதான். பூஸ்டரை அடியோடு அணைத்துப் பார்க்காதீர்கள். பல மாடல்களில் அணைத்தால் சிக்னல் உள்ளே கடக்கவே கடக்காது.

பெட்டியில் போடும் "200 கிலோமீட்டர் தூரம்" இன்னும் மோசம். ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதற்கு எத்தனை கிலோமீட்டர் வரை அடிவானம் என்று வரும். 150 மீட்டர் கோபுரத்துக்கு 50, கூரையில் 3 மீட்டரில் இருக்கும் உங்கள் ஆண்டெனாவுக்கு 7. மொத்தம் 57. கோபுரம் மலை உச்சியில் இருந்தால் கூடும், நடுவில் குன்று வந்தால் குறையும். இதே கணக்கில் ஆண்டெனாவை 6 மீட்டருக்குத் தூக்கினாலும் 3 கிலோமீட்டர்தான் கூடுகிறது. பிறகு ஏன் மாஸ்டில் (ஆண்டெனாவைத் தூக்கிப் பிடிக்கும் கம்பத்தில்) ஏற்றச் சொல்கிறார்கள் என்றால், பக்கத்து வேன்களின் கூரையையும் புதரையும் தாண்டிவிடலாம் என்பதற்காக. பெரும்பாலான டிவி சேனல்கள் வரும் யு.எச்.எஃப். அலைகளை ஈர இலைகள் நன்றாகவே விழுங்கும். மழைக்குப் பிறகு சேனல் காணாமல் போனால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

நீங்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவு தங்குபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் லாக் பீரியாடிக்கும், சுருக்கி நீட்டும் மாஸ்டும் வாங்குங்கள். தினம் ஓர் இடம், அரை மணி நேரம் செய்தி பார்த்தால் போதும் என்பவருக்குத் தட்டு சரிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஓடும் வண்டியில் பார்க்கவும் இந்த இரண்டில் அதுதான் ஒத்துவரும். "மொபைல் டேட்டாவில் பார்த்துவிட்டுப் போகலாமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 2, 3 ஜிபி தின்னும். மேலும் ஊருக்கு வெளியே போன் சிக்னல் மட்டும் கொட்டிக் கிடக்கிறதா என்ன? டிஷ் நல்ல தரம் தரும். ஆனால் செயற்கைக்கோள் இருக்கும் திசையில் ஒரு மரம் நின்றாலும் முடிந்தது. தானே திரும்பும் டிஷ் கூரையில் கிலோக் கணக்கில் எடையும் கூட்டும்.

வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள். சிறிய ஆண்டெனாக்கள் பல 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் மட்டுமே ஒழுங்காகப் பிடிக்கும். போகிற நாட்டில் 174 முதல் 230 வரையிலான வி.எச்.எஃப். பகுதியிலும் சேனல் இருந்தால் அதற்குமான கம்பிகள் வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் இப்போது பல நாடுகளில் போன் கோபுரங்களுக்குப் போய்விட்டதால், போன் சிக்னலை வடிகட்டும் எல்.டி.இ. ஃபில்டர் உள்ளதாக எடுங்கள். எல்லை தாண்டுபவர் என்றால் டிவிக்குள் ஒளிபரப்பைப் படிக்கும் பகுதியான ட்யூனரையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் டி.வி.பி.-டி2 ட்யூனர் வட அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.சி. ஒளிபரப்பைப் படிக்காது. ஆண்டெனாவை மாற்றிப் பயனில்லை.

ஆண்டெனாவின் கம்பிகள் கிடையாக இருக்க வேண்டுமா நெட்டாகவா என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரிட்டனில் பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் கிடையாகவும் சின்ன ரிலே கோபுரங்கள் நெட்டாகவும் அனுப்புகின்றன. மாற்றி வைத்தால் 15, 20 டெசிபல் காணாமல் போகும். மாஸ்டின் தலையில் ஆண்டெனாவை 90 டிகிரி திருப்ப முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

தகரக் கூரை வேனுக்குள் ஆண்டெனாவை வைப்பது இரும்புப் பெட்டிக்குள் ரேடியோவைப் பூட்டுவது போல. வெளியே வைத்தாலும் ஏசி, சோலார் பேனல் ஆகியவற்றிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். கூரையில் போட்ட துளையின் விளிம்பை அரம் போட்டு, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, கேபிள் கிளாண்டை (கேபிள் நுழையும் துளையை மூடும் மூடியை) நீர் புகாத ஒட்டும் பியூட்டைல் டேப்பில் உட்கார வையுங்கள். நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

புகார்கள் பல கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரில்தான். நடுக்கம்பி கனெக்டரின் வாயைவிட 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும், அதே கேபிள் வழியே பூஸ்டருக்குப் போகும் 12 வோல்ட் ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டரால் ஆண்டெனா முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடுத்த சந்தேகம் ஸ்ப்ளிட்டர் மேல். சாதாரண ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தைக் கடத்தாது. பவர் கொடுக்கும் பெட்டி ஸ்ப்ளிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் உடைகிறதா? எல்.இ.டி. விளக்கு, மலிவு யு.எஸ்.பி. சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் தரம் சரிகிறதோ அதன் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், அல்லது அதைத் தூக்கிப் போடுங்கள்.

ஆண்டெனாவைத் திருப்பும்போது டிவி மெனுவில் 'ஸ்ட்ரெங்த்' பட்டையை விட்டு 'குவாலிட்டி' பட்டையைப் பாருங்கள். 15 டிகிரி திருப்பி, நான்கைந்து விநாடி பொறுத்து, பிறகு அடுத்த 15. இந்தப் பட்டையை டிவிக்காரர்கள் ஏன் ஐந்து மெனுவுக்குள் புதைக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. விளம்பரம் காட்ட முதல் திரையில் இடம் இருக்கிறது, சிக்னல் அளவு காட்ட இல்லை! போதாததற்கு ஆட்டோ ஸ்கேன் போட்டால் பழைய பட்டியலை அழித்துவிட்டுத்தான் தொடங்கும். மேனுவல் ட்யூனிங்கில் அந்தப் பகுதிக் கோபுரத்தின் ஓர் அலைவரிசையைப் போட்டு, ஆண்டெனாவைத் திருப்பி நிறுத்திய பிறகே ஸ்கேனுக்குப் போங்கள்.

மாஸ்டை இறக்காமல் வண்டியை எடுப்பவர்கள் உண்டு. மாஸ்ட் மேலே இருக்கும்வரை சாவியை மாஸ்டின் பூட்டுக் கைப்பிடியிலேயே மாட்டி வையுங்கள்.