சுரங்க ரயிலில் சுற்ற: வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் லண்டனும் நியூயார்க்கும் போகிறோம். சுரங்க ரயிலில் ஒரே வங்கி கார்டை இருவரும் பயன்படுத்தலாமா?

பதில்: லண்டனில் முடியாது. ஏறிய இடம், இறங்கிய இடம் பார்த்துத்தான் அங்கே கட்டணம். அதனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கார்டைத் தொட வேண்டும். ஒரு கார்டு, ஒரு ஆள். பலர் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். போகும்போது போனைக் காட்டிவிட்டு, வரும்போது பையிலிருக்கும் கார்டைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே கணக்குதான் என்றாலும் ஸ்டேஷன் கேட்டுக்கு அவை இரண்டு ஆட்கள்: ஒருவர் ஏறினார், இறங்கவே இல்லை, மற்றவர் ஏறாமலே இறங்கினார். இரண்டு பேர் தலையிலும் அதிகபட்சக் கட்டணம் விழும்.

நியூயார்க்கில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். நுழையும்போது மட்டும் தொட்டால் போதும். ஒரே கார்டை இருவருக்கும் அடுத்தடுத்துத் தொடலாம். புறப்படும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ் (கார்டைத் தொட்டுப் பணம் கட்டும்) வசதியையும் திறந்துவிடுங்கள். மறந்தால் கேட் திறக்காது.

கேள்வி: சரியான ரயில் எது என்று எப்படித் தெரியும்?

பதில்: தடத்தின் நிறம் பாதி விடைதான். லண்டனில் நார்தர்ன் தடம் நகர மையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பேங்க் வழியாகவும் மற்றது சாரிங் கிராஸ் வழியாகவும் போகும். 'வடக்கு', 'தெற்கு' பார்த்து ஏறினால் போதாது. பிளாட்பார மின்பலகையில் எந்த வழி என்றும் பாருங்கள். மாறி ஏறிவிட்டால் பதற்றம் வேண்டாம். யூஸ்டன், கேம்டன் டவுன், கென்னிங்டன் மூன்றிலும் கிளை மாறிக்கொள்ளலாம்.

நியூயார்க் அவ்வளவு இளகிய மனசுக்காரர் அல்ல. சின்ன ஸ்டேஷன்கள் பலவற்றில் திசைக்கொரு வாசல். 'அப்டவுன்' (வடக்கு நோக்கிப் போகும் ரயில்) படிக்கட்டில் இறங்கிக் கார்டைத் தொட்டுவிட்டால் எதிர் பிளாட்பாரத்துக்கு உள்ளே வழி கிடையாது. மேலே ஏறி, சாலையைக் கடந்து, மறுபடி கட்டணம். படி இறங்குமுன் தலைக்கு மேலுள்ள பலகையைப் படியுங்கள். எக்ஸ்பிரஸ் வண்டி இந்தச் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது.

கேள்வி: வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடலாமா?

பதில்: கூடாது. லண்டன் வரைபடம் 1933-இல் வெளிவந்த ஹாரி பெக்கின் பாணியில், மின்சுற்றுப் படம் போலத் தடங்களை நேராக்கி வரைந்தது. எங்கே மாறுவது என்று காட்டும். எவ்வளவு தூரம் என்று காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து காவென்ட் கார்டன் 300 மீட்டர்கூட இல்லை. கீழே இறங்கி ரயில் பிடிப்பதற்குள் நடந்தே போய்விடலாம். ரயிலில்தான் போவேன் என்றால், காவென்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். படிக்கட்டில் 193 படி.